டீச்சரிடம் கேளுங்கள்: வீட்டில் குழந்தைப் புத்தகம் சேர்ப்பதும் எழுதிப் பழகுவதும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தைப் புத்தகம் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் சின்ன வகுப்புகளுக்கு வாசித்துக் காட்டியே தொண்டையைத் தேய்த்தவள் நான். நான் சொல்வதெல்லாம் அந்த அனுபவத்தில் வந்ததுதான்.

கேள்வி: எனக்கு நாலு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நான் மலைக்கு வேலைக்குப் போகிறேன், வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் சேர்க்க ஆசை. டவுனில் பரீட்சைப் புத்தகம்தான் கிடைக்கிறது. கையில் காசும் குறைவு. எங்கே தொடங்குவது?
— வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, நீங்கள் சொல்வது சரிதான். ஹட்டனிலும் கடைக்குள் நுழைந்தால் முன்னுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்தான் அடுக்கியிருக்கும். கதைப் புத்தகம் கேட்டால் கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி மேல் தட்டில் துழாவுவார். துழாவட்டும், கேட்பதை விடாதீர்கள். நாலு தாய்மார் கேட்டால் அடுத்த தரம் கீழே இறக்கி வைப்பார்.

வீட்டுக்காரர் கொழும்பில் இருப்பது நல்ல வசதி. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தை காலி வீதியிலும் தமிழ்ப் புத்தகக் கடைகள் இருக்கின்றன. செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும், விலைக் கழிவும் கிடைக்கும். டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கே தமிழ் குறைவு, சிங்களமும் ஆங்கிலமும்தான் குவிந்து கிடக்கும். பரவாயில்லை, படம் நன்றாக இருந்தால் அதையும் வாங்கிவரச் சொல்லுங்கள்.

அந்த ஆங்கிலப் படக்கதையை இரவில் மூத்த பிள்ளையோடு விரியுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். படத்தைப் பார்த்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டு, நீங்களும் ஒரு வரி சேர்த்து, வெள்ளைத் தாளைப் பட்டையாக வெட்டி, பெரிய எழுத்தில் எழுதி, ஆங்கில வரிக்கு மேலே ஒட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரி போதும். என் வீட்டில் அப்படி ஒட்டிய கரடிக் கதை ஒன்று இருக்கிறது. மூலக் கதையில் அந்தக் கரடி எதைத் தேடிப் போகிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கரடி காணாமல் போன ரேஷன் கார்டைத் தேடுகிறது.

புதுப் புத்தகம் வாங்கும்போது கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்க்குள் வாசித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாலு வயதுக்கு வரி குறைவாகவும், படத்தில் பேச விஷயம் நிறையவும் இருக்க வேண்டும். ஐம்பது நீதிக்கதை, நூறு நீதிக்கதை என்று ஒரே கட்டாக விற்கிறார்களே, அது மலிவுதான். ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே நரிதான் நிற்கும். பத்தாம் தேதி சம்பளத்தில் ஒரு நல்ல புத்தகம் என்று வைத்துக்கொண்டால் போதும். பழைய வீடுகளிலும் விசாரியுங்கள். 1947இல் சென்னையில் தொடங்கிய அம்புலிமாமா சிறுவர் இதழைத் தைத்து வைத்திருந்த தாத்தாமார் நம் பக்கத்தில் உண்டு. தொழிற்சங்க வேலை செய்தவர்கள் வீட்டில் மாஸ்கோவில் அச்சான தமிழ்க் குழந்தைப் புத்தகங்கள் இருக்கலாம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றுபோனது. கிடைத்தால் விடாதீர்கள், அந்தத் தாளும் படமும் இன்றைக்கும் மங்காது.

இன்னொரு வேலை. பிள்ளை "திரும்ப வாசி" என்று கேட்கிற ஒவ்வொரு தரமும் பின்னட்டையின் உள்ளே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி விழாத புத்தகத்தை ஒரு வருஷம் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்து (தோட்ட வரிசை வீட்டு) பிள்ளைக்குக் கொடுங்கள். அலுமாரியும் நிரம்பாது, அந்தப் பிள்ளைக்கு அது பிடித்தாலும் பிடிக்கும்.

கேள்வி: மகனுக்கு அடுத்த வருஷம் புலமைப்பரிசில். இந்த நேரத்தில் கதைப் புத்தகம் வாசித்தால் படிப்புக் கெடாதா?
— வாசகர், லிந்துலை

அண்ணே, வினாத்தாளில் ஒரு பந்தியைக் கொடுத்து, வாசித்து விளங்கி விடை எழுதச் சொல்கிறார்கள். கதை வாசிக்காத பிள்ளை அந்தப் பந்தியை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளை மூன்று விடை எழுதியிருக்கும். அதை விடுங்கள். வினாத்தாளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற பத்து வயதுப் பையன் படுக்கிறதுக்கு முன் அரை மணி நேரம் சிரித்தால் உங்களுக்கு என்ன நட்டம்?

கேள்வி: ஆசையாகச் சேர்த்த புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது. சில பக்கங்களைப் பூச்சி சுரண்டியிருக்கிறது. பூச்சி உருண்டை போடலாமா?
— வாசகர், நானுஓயா

பூச்சி உருண்டை வேண்டாம். அது நஞ்சு. மிட்டாய் மாதிரி வெள்ளையாக, உருண்டையாக இருப்பதைக் குழந்தைப் புத்தகத்துக்கு நடுவில் வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

உங்கள் ஊரில் எதிரி ஈரம்தான். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே, மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். வெளிச்சுவர் வியர்க்கும். அந்தச் சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள், கை நுழைகிற அளவு இடைவெளி விடுங்கள். அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். புத்தகங்களை இறுக்கி அடைக்காமல் காற்று போக விடுங்கள். பத்திரம் என்று நினைத்துப் பொலித்தீனில் சுற்றுவார்கள், தகரப் பெட்டியில் பூட்டுவார்கள். ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறார்கள். அடுப்புக்கு மேலே வைத்தால் காயும்தான், ஆனால் புகை படிந்து படமெல்லாம் மஞ்சளாகிவிடும்.

பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, தாளுக்குள் இறங்கிவிடும். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு புத்தகத்தை இஸ்தோப்புக்கு (வீட்டு முன் திண்ணைக்கு) கொண்டுபோய், விசிறிபோல விரித்து நிறுத்தி, நிழல் காற்றில் நன்றாகக் காயவிட்டு, மெல்லிய தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் நாள் கிடைக்கும்போது எல்லாவற்றையும் ஒரு தரம் வெளியே எடுங்கள். நேர் வெயில் வேண்டாம், படத்தின் நிறம் போய்விடும்.

பக்கத்தைச் சுரண்டியது இராமபாணப் பூச்சியாக இருக்கும். அதற்குப் பசையும் மாவும் என்றால் உயிர். பிரிட்ஜில் ஐஸ் பெட்டி இருந்தால், புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி இரண்டு கிழமை வைத்து எடுங்கள். எடுத்த உடனே பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தாளில் தண்ணீர் கோர்க்கும். வேப்பிலை போடுகிறவர்களும் உண்டு. வேப்ப மரம் நம் மலையில் எங்கே இருக்கிறது? மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ சொந்தக்காரர் இருந்தால் வாங்கிப் போடுங்கள், ஆனால் ஈரத்தைக் கவனிக்காமல் வேப்பிலையை மட்டும் நம்ப முடியாது. கிழிந்த பக்கத்துக்கு சலோடேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச நாளில் மஞ்சளாகி உரிந்துவிடும், கறை மட்டும் நிற்கும்.

கேள்வி: நான் முன்பள்ளி ஆசிரியை. சிறுவர் கதை எழுத விரும்புகிறேன். போட்டிகளுக்கு அனுப்பினால் பதிலே வருவதில்லை. ஒரு கதையை இணைத்துள்ளேன். எங்கே பிழை?
— வாசகி, பண்டாரவளை

நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்கள் கதை இப்படித் தொடங்குகிறது: "அடர்ந்த காடொன்றில் முயலொன்று வாழ்ந்து வந்தது. அம்முயல் மிகுந்த குறும்புத்தனம் உடையதாகக் காணப்பட்டது." தாய் சொல் கேட்காமல் போகிறது, குழியில் விழுகிறது, அழுகிறது, திருந்துகிறது. இந்த முயலைப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். குழி வரும் என்பதும் தெரியும்.

ஆனால் கடிதத்தின் கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, வேறொன்றை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முன்பள்ளியில் ஒரு பையன் தினமும் சட்டைப்பையில் ஒரு கல்லோடு வருகிறான், ஒவ்வொரு நாளும் அதற்கு ஒவ்வொரு பெயர் சொல்கிறான், திங்கட்கிழமை அது யானை, செவ்வாய்க்கிழமை அது லொறி என்று. டீச்சர், அதுதான் கதை!

அதை எப்படி வைப்பது? முதல் பக்கத்தில் பையன் வாசலில் நிற்கிறான். "டீச்சர், என் பொக்கட்டுக்குள்ளே ஒரு யானை இருக்கு." அவ்வளவுதான், வேறு வரி வேண்டாம். கேட்கிற பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் விடாது. திருப்பினால் உள்ளங்கையில் ஒரு கல். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் தேவையில்லை, படமே சொல்லிவிடும். அவன் குறும்புக்காரன் என்றோ கற்பனை வளம் உள்ளவன் என்றோ நீங்கள் எழுதவே வேண்டாம். டீச்சர் என்ன செய்கிறாள் என்பதில் கதை திரும்பட்டும். "யானைக்குப் புல் கொண்டுவந்தியா?" என்று அவள் கேட்டால் ஒரு கதை, "கல்லைத் தூக்கிப் போடு" என்றால் இன்னொரு கதை. இரண்டையும் எழுதிப் பாருங்கள்.

எழுத உட்காரும் முன் ஏ4 தாள் எட்டை எடுத்து நடுவில் மடித்து, மடிப்பில் நூல் கோருங்கள். 32 பக்கம் வரும். படப் புத்தகத்துக்கு உலகமெங்கும் வழக்கமான அளவு அது. பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும்போது பதினாறு பதினாறாகப் பக்கம் விழுவதால் வந்த கணக்கு. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம் எல்லாம் போகக் கதைக்கு 28 பக்கம் போல மிஞ்சும். எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று பென்சிலால் எழுதி, நீங்களே திருப்பித் திருப்பி வாசியுங்கள். பக்கம் திரும்பும் இடத்தில் ஏதாவது ஒளிந்திருக்க வேண்டும்.

மொழி பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆட்கள் வாய் திறந்தால் வீட்டில் பேசுவதுபோலப் பேசட்டும். அப்பாயியைப் "பாட்டி" ஆக்க வேண்டாம். சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்புப் பாட்டில் கூழையும் கொழுக்கட்டையையும் அப்படியே வைத்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அது தன் வீட்டு அடுப்படி. பாடப்புத்தகம் வழியாக நம் பிள்ளைகளும் அதைச் சந்தோஷமாகப் பாடுகிறார்கள். நம் அடுப்படியும் அப்படி ஒரு பாட்டில் வரட்டுமே. ஆனால் அதற்காக எல்லாக் கதையிலும் கொழுந்துக் கூடையைத் தூக்கி வைக்காதீர்கள். வெளியிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்குத்தான் கூடை அதிசயம். நம் பிள்ளைக்கு அது அம்மா வேலைக்குக் கொண்டுபோகும் சாமான்.

மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்த நாட்டுப் பாடல்கள் 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக வந்தன. தேடி வாசியுங்கள். எந்த வரியில் மூச்சு விடுகிறார்கள், எந்தச் சொல் திரும்ப வருகிறது என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளைகளின் பாட்டிமாரிடமும் தாலாட்டுக் கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பொகவந்தலாவைத் தங்கச்சிக்குப் புள்ளி வைக்கச் சொன்னேன் அல்லவா, அதை உங்கள் முன்பள்ளியிலும் செய்யுங்கள். அதிகப் புள்ளி வாங்கிய புத்தகத்தைக் கொப்பியில் கையால் முழுக்க எழுதிப் பாருங்கள். எத்தனை சொல் என்று எண்ணுங்கள். ஆச்சரியப்படுவீர்கள், அவ்வளவு குறைவாக இருக்கும். பிறகு உங்கள் கதையை வாசித்துக் காட்டும்போது "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் டீச்சருக்காக ஆமாம் என்பார்கள். எந்த வரியில் ஒருவன் சப்பாத்து நாடாவை நோண்டத் தொடங்குகிறான் என்று மட்டும் பாருங்கள். அந்த வரியை வெட்டலாம்.

கேள்வி: நான் ஒன்பதாம் தரம் படிக்கிறேன். தங்கைக்குக் கதை எழுதிக் கொப்பியில் வைத்திருக்கிறேன். புத்தகமாகப் போட முடியுமா?
— மாணவன், ஹட்டன்

முடியும் தம்பி. ஆனால் முதலில் கையாலேயே ஒரு பிரதி செய். மேலே டீச்சருக்குச் சொன்ன மாதிரி மடித்து, தங்கையைப் படம் வரையச் சொல். பாடசாலை நூலகத்தில் ஒரு கிழமை வைத்து யார் எடுக்கிறார்கள் என்று பார்.

படம் வரைய ஆள் இல்லாவிட்டால், இந்தியாவின் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படங்களை எடுத்துத் தமிழில் கதை எழுதலாம், காசில்லை. வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், அதை மறக்காதே. பிறகு அச்சடிக்கிற எண்ணம் வந்தால், பக்க எண்ணிக்கை நாலால் வகுபடுகிற மாதிரி வைத்துக்கொள், அப்போதுதான் நடுவில் பின் அடிக்க முடியும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். இலக்கத்தைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது, அப்பாவையோ வகுப்பாசிரியரையோ சேர்த்துக்கொண்டு விண்ணப்பி. அச்சகத்தில் ஆயிரம் பிரதி அடித்தால் மலிவு என்பார்கள். நம்பாதே, நூறு போதும்.

எனக்கும் ஒரு கதை அனுப்பு. கொப்பியை அனுப்பிவிடாதே, போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பு.