வெளிநாட்டு அறுவை முகாம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவ வசதி எட்டாத நாடுகளுக்குப் போய் இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் தன்னார்வக் குழுக்கள் பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். குப்பம், கூடலூர், பாலக்காடு, சித்தூர், செங்கோட்டைப் பக்கத்துக் கடிதங்களில் சிலவற்றுக்கு எங்கள் மருத்துவக் குழு இங்கே பதில் சொல்கிறது.

எத்தியோப்பியாவில் பத்து நாள் முகாம். உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (மேல்வாய்ப் பிளவு), தீக்காயத் தழும்புச் சுருக்கம். யாருக்கு எந்த நாள் ஆபரேஷன் என்ற தியேட்டர் லிஸ்ட் போடுவது என் பொறுப்பு. எந்த வரிசையில் போட வேண்டும்? – ஒரு செவிலியர், குப்பம்

விமானம் ஏறும் நாளை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். தழும்புச் சுருக்கத்தை விடுவித்த இடத்தில் தோல் ஒட்டு வைத்தால் முதல் கட்டைப் பிரிப்பது வழக்கமாக ஐந்தாம் நாள். ஒட்டுக்கு அடியில் ரத்தம் தேங்கியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம், குழந்தை கையை அசைத்து ஒட்டு நகர்ந்திருக்கலாம். அதை வைத்தவரே பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதனால் சுருக்கத்தை விடுவிக்கும் கேஸ் எல்லாம் மூன்றாம், நான்காம் நாளுக்குள் முடிந்துவிடட்டும். ஒட்டு பிடித்த பிறகும் விரல் மடங்காமல் பிடிக்கும் ஸ்பிளின்டை மாதக்கணக்கில் கட்ட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் இல்லையென்றால் அந்தக் கேஸை எடுக்காதீர்கள்; விரல் மறுபடி மடங்கிக்கொள்ளும்.

முதல் நாள் முழுக்கப் பரிசோதனைக்கு. இரண்டாம் நாள் உதடு மட்டும். தியேட்டரில் எது வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அண்ணம் முகாமின் முதல் பாதியில். முதல் 24 மணி நேரத்தில் ரத்தக் கசிவும் நாக்கு வீங்கி மூச்சடைப்பதும்தான் பயம். தூங்குகிற குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். தலையணை வெள்ளையாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். கடைசி இரண்டு நாள் கட்டு மாற்றவும், உள்ளூர் ஆட்களிடம் ஒப்படைக்கவும்தான்.

உதட்டுக்குப் பழைய கணக்கு இன்றும் உதவும்: குறைந்தது வயது 10 வாரம், எடை 10 பவுண்டு அதாவது நாலரை கிலோ, ஹீமோகுளோபின் 10 கிராம். அண்ணத்துக்கு 9 முதல் 18 மாதம் நல்ல வயது. சளி, இருமல் இருக்கும் குழந்தையைத் தள்ளிப்போடுங்கள். தூரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாலும்தான். பட்டினிக் கணக்கு: திட உணவு 6 மணி, தாய்ப்பால் 4 மணி, தெளிந்த நீர் 2 மணி. “காலையில் ஆபரேஷன்” என்று மட்டும் சொன்னால் முந்தின இரவிலிருந்தே பால் கொடுக்க மாட்டார்கள், குழந்தை வாடிப்போகும். நேரத்தைச் சொல்லுங்கள், சின்னக் குழந்தையை லிஸ்டில் முதலில் போடுங்கள். உதட்டில் தானாகக் கரையும் தையல் போதும். நைலான் போட்டால் பிரிக்க யார் வருவார்? அண்ணம் தைத்த பிறகு பால் புட்டியும் ஸ்ட்ராவும் கூடாது. நம் வீட்டுப் பாலாடை நாலைந்து எடுத்துப்போங்கள், அங்கே ரொம்ப உதவும்.

நாங்களும் முகாமுக்கு எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா பக்கம் போகிறோம். கருவிகளை ஆவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என் கையில். இங்கே செய்கிற மாதிரியே செய்தால் போதுமா? – ஒரு தியேட்டர் டெக்னீஷியன், கூடலூர்

போதாது. அடிஸ் அபாபா ஊட்டியைவிடவும் கொஞ்சம் உயரம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர். கடலோர ஊரில் அழுத்தம் காட்டும் கேஜ் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே 15-க்கு 117, 118 டிகிரிதான் வரும். 300 மீட்டருக்கு அரை பவுண்டு என்று கூட்டுங்கள். 19 பவுண்டு வரை வைக்க வேண்டியிருக்கும். பாத்திரமும் சேஃப்டி வால்வும் அதைத் தாங்குமா என்று ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அந்த மருத்துவமனையிடம் கேட்டுவிடுங்கள். தெர்மாமீட்டர் உள்ள கருவி என்றால் கேஜை மறந்துவிட்டு வெப்பத்தைப் பாருங்கள்.

ஆவி இடைவிடாமல் சீராக வரும் வரை காற்றுக் குழாயைத் திறந்தே வையுங்கள். உள்ளே காற்று மிஞ்சினால் கேஜ் ஏறும், வெப்பம் ஏறாது. துணி சுற்றிய பொதிக்கு 121 டிகிரி வந்த பிறகு 30 நிமிடம். அதற்கு முந்தைய நேரம் கணக்கில் சேராது. பொதிகள் வைக்கும் டிரம்மைத் திணித்து அடைத்தால் நடுவில் ஆவி போகாது. வெளியே ஒட்டிய டேப் கறுத்தால் அந்தப் பொதி சூட்டுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் பொருள். ஆவி உள்ளே எட்டியதா என்று நிறம் மாறிக் காட்டும் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் ஒன்றைப் பொதியின் நடுவில் வையுங்கள். ஈரமாக வெளியே வந்த பொதி கணக்கில் இல்லை, திரும்பப் போடுங்கள்.

இன்னொன்று: அங்கே உருண்டை இரண்டு முனை பிளக்தான் அதிகம். மலிவான அடாப்டர் போட்டால் மின்சாரத்தால் ரத்தக் கசிவை அடைக்கும் நம் டயதர்மி கருவிக்கு எர்த் அறுந்துபோகும். உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் உள்ள பிளக்காகவே மாற்றச் சொல்லுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் கரண்ட் போனால் நின்றுவிடும். பக்கத்தில் நிரம்பிய சிலிண்டரும் அதைத் திறக்கும் ஸ்பேனரும் இருக்கட்டும். ஸ்பேனர் எப்போதும் பக்கத்து அறையில்தான் கிடக்கும்.

உகாண்டா முகாமில் எல்லோருக்கும் சிக்கிள் செல் பரிசோதனை வேண்டுமா? – ஒரு மருத்துவர், பாலக்காடு

சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் இந்தப் பரம்பரை ரத்த நோயை அட்டப்பாடியில் பார்த்திருப்பீர்கள். உகாண்டாவிலும் பரவலாக உண்டு. ஆம், வேண்டும். ரத்தத்தைக் கரைசலில் கலந்து பார்க்கும் சால்யுபிலிட்டி டெஸ்ட் சில நிமிடத்தில் முடியும். ஆனால் நோயா, நோயின் மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் வெறும் கடத்தியா என்று அது பிரித்துச் சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இருந்தும் இல்லை என்று காட்டலாம். கடத்தியாக இருப்பவருக்குக் குளிர், நீர்வற்றல், ஆக்சிஜன் குறைவு, ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் டூர்னிக்கே பட்டை இந்த நான்கிலும் கவனம் போதும். நோயே உள்ளவருக்கு ரத்த வங்கியும் ஐசியுவும் இல்லாத இடத்தில், அவசரமில்லாத அறுவை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நெஞ்சு வலியும் காய்ச்சலுமாக வரும் நுரையீரல் சிக்கல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது நீங்கள் விமான நிலையத்தில் இருப்பீர்கள்.

கடையில் மிஞ்சிய மருந்துகளைக் குழுவிடம் கொடுத்தனுப்பலாமா? – மெடிக்கல் கடைக்காரர், செங்கோட்டை

போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. பிரித்த பெட்டி, டாக்டர் சாம்பிள், இதெல்லாம் வேண்டாம். சுங்கத்தில் ஒரு பெட்டிக்காக மொத்தச் சரக்கும் நிற்கும். அங்கிருந்து வந்த பட்டியலில் உள்ளதை மட்டும், ஜெனரிக் பெயர் (கம்பெனிப் பெயர் அல்ல, மருந்தின் பெயர்), பேட்ச் எண், காலாவதி, எண்ணிக்கை எழுதி அனுப்புங்கள். மயக்க மருந்தான கெட்டமைன் இங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். உரிமம் இல்லாமல் பையில் போட்டால் சிறைதான். அதை அந்த நாட்டு மருத்துவமனையே வாங்கி வைக்கட்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புகிற வாரம் போட்டுக்கொண்டால் போதுமா? – ஒரு வாசகி, சித்தூர்

போதாது. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் எத்தியோப்பியா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். முன்பே போட்டவர் மறுபடி போட வேண்டாம். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள்.