அறுபதாம் கல்யாணத்துக்கு எந்த நாள்?

கேள்வி: அப்பா 1966 ஜூன் 20 மாலை பிறந்தவர், புனர்பூசம். 2026 ஜூன் 20 சனிக்கிழமை, எல்லாருக்கும் லீவு, அன்றைக்கே அறுபதாம் கல்யாணத்தை வைத்துவிடலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். காலண்டரைப் பார்த்தால் ஆனியிலேயே புனர்பூசம் இரண்டு தடவை வருகிறது. எதை எடுப்பது? அறுபது வானப்பிரஸ்த வயசு, அதாவது இல்லறத்தை விட்டுக் காட்டுக்குப் போகிற வயசு என்பார்களே, மறுபடி தாலி கட்டுவது பொருந்துமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: ஜூன் 20 வேண்டாம். அன்றைக்குப் புனர்பூசம் தாண்டி மூன்று நாள் ஆகியிருக்கும். அப்பா பிறந்தது பராபவ வருஷம். 60 வருஷச் சுற்று முடிந்து அதே பராபவ திரும்பி வருவதுதான் இந்த விழாவுக்கே காரணம். அதனால் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு.

சந்திரன் 27 நட்சத்திரங்களைச் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். இந்த ஆனிக்கோ 32 நாள். மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் கடைசியில் மறுபடி வருவது அதனால்தான். அப்படி வந்தால் இரண்டாவதை எடுப்பதே வழக்கம். அது ஜூலை 14, செவ்வாய். கிழமையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அன்று அமாவாசையும்கூட, அப்பா தர்ப்பணம் செய்பவரானால் புரோகிதரிடம் முன்கூட்டியே சொல்லி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஹோமம், கலசாபிஷேகம், தாலி மூன்றும் அன்றே வீட்டு அளவில் முடியட்டும். விருந்தை அடுத்த ஞாயிறு வைக்கலாம். ஆடி பிறந்திருக்கும், மண்டபமும் சுலபமாகக் கிடைக்கும்!

கலச நீர் ஊற்றும்போது இருவரும் பருத்தி உடுத்தியிருக்கட்டும். சேலம் வெண்பட்டு வேட்டி அதற்குப் பிறகு. நீரைச் சல்லடை வழியாக ஊற்றினால் தலையில் மொத்தமாகக் கொட்டாது. உட்காரும் பலகைக்கு அடியில் கோணிச் சாக்கு போடுங்கள், ஈரத் தரையில் எழும்போதுதான் வழுக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை விரதம் என்று நிறுத்தக் கூடாது. ஹோமம் இழுத்தடிக்கும், புகையும் சேரும், தலைசுற்றுவது அப்போதுதான். அம்மாவின் பழைய தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, புதியது அதோடு சேரும்.

வானப்பிரஸ்தத்துக்கு மனுஸ்மிருதி சொல்லும் அடையாளம் தோல் சுருக்கம், நரை, பேரன் முகம். அறுபது என்ற எண் அங்கே இல்லை. காட்டுக்குப் போகிறவர் மனைவியை மகன்களிடம் விடலாம், கூடவே அழைத்தும் போகலாம் என்கிறது அதே நூல். சேர்ந்தே போகலாம் என்றிருக்க, தாலி எப்படி முரணாகும்?