தீ இல்லாத ராக்கெட்: வாசகர் கேள்விகள்

துபாயில் இருந்த மாமாவின் பெட்டியில் எஸ்டெஸ் (மாடல் ராக்கெட் கம்பெனி) ‘கோல்ட் பவர்’ என்று எழுதிய அலுமினிய ராக்கெட் மோட்டார் கிடைத்தது. மருந்து அடைக்கவே இடமில்லையே, எப்படிப் பறக்கும்?
– வாசகர், தக்கலை

மருந்தே வேண்டாம். பழைய ஃப்ரிட்ஜில் ஓடிய ஃப்ரியான்-12 கேஸ்தான் இதற்கு எரிபொருள், ஆனால் எரிவதில்லை. 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் வாஷன் இண்டஸ்ட்ரீஸ் ‘வால்கிரி’ என்ற பெயரில் விற்றது. 1970-களின் தொடக்கத்தில் எஸ்டெஸ் கைக்குப் போய் ‘கோல்ட் பவர்’ ஆனது. ஆர்பி-100 என்று டின்னில் வந்ததும் அதே ஃப்ரியான்தான். அது பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் கொதிக்கும். நம்மூர் 30 டிகிரியில் மோட்டார் டப்பாவுக்குள் அடைபட்டால் ஆறரை பார் அழுத்தம் நிற்கும், கார் டயரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நாசில் (வால்பக்கத் துளை) திறந்ததும் திரவம் கொதித்துக்கொண்டே பீறிடும். அந்த உதைதான் ராக்கெட்டைத் தூக்குகிறது.

அட்டைப்பெட்டி, விளக்கத்தாள், ஸ்டிக்கர் எல்லாம் முழுசாக இருந்தால் அது சேகரிப்புப் பொருள்; தயவுசெய்து பறக்கவிடாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். பெட்டி இல்லாத உதிரி மோட்டார்தான் பறக்க. நிறைந்த ஆர்பி-100 டின் கூடவே இருந்தால், துரு ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துருவிருந்தால் வீட்டில் வைக்காமல் ஏ.சி. மெக்கானிக்கிடம் கேஸை மீட்டெடுக்கக் கொடுங்கள்.

ஃப்ரியான் இப்போது கிடைக்குமா? பதிலுக்கு 134ஏ போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கிடைக்காது. ஓசோனைத் தின்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் இதைக் குறிவைத்தது. இந்தியாவில் உற்பத்தி 2008-இல் நின்றது. கார் ஏ.சி. கடையில் கிடைக்கும் 134ஏ கிட்டத்தட்ட அதே அழுத்தம் தரும்: 20 டிகிரியில் இரண்டும் 4.7 பார். வெயில் ஏறினால்தான் வித்தியாசம். 40 டிகிரியில் ஃப்ரியான் 8.6 பார், 134ஏ 9.2 பார். மதியம் பூட்டிய காருக்குள் 60 டிகிரி எட்டினால் 15 பாரைத் தாண்டும். நிரப்பிய மோட்டாரை ஒருபோதும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 50 மில்லி மோட்டாரில் ஒரு தடவை நிரப்பும் 48 கிராம் 134ஏ காற்றில் கலந்தால் சுமார் 68 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குக் காரில் போய்த் திரும்பிய புகை அது. ஆகவே இது திருநாளில் ஒன்றிரண்டு தடவை செய்கிற காரியம். அன்றாடம் விளையாட சோடா பாட்டிலில் தண்ணீர் ராக்கெட் போதும்.

ஐம்பது வருஷ மோட்டார். எங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. நம்பி அழுத்தம் ஏற்றலாமா?
– வாசகர், குளச்சல்

சோதிக்காமல் ஏற்றவே கூடாது. முதலில் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறதா, ஊசி குத்தியதுபோலக் குழி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழியிருந்தால் அது இனி அலமாரிப் பொருள்.

தப்பியதென்றால் தண்ணீர்ச் சோதனை. டப்பாவில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் தண்ணீர் நிரப்பி, பிளம்பர் வைத்திருக்கும் கைப் பிரஷர் பம்ப்பால் 14 பார் ஏற்றுங்கள் (40 டிகிரி அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு). பத்து நிமிடம் முள் இறங்கக் கூடாது. தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம் உண்டு: உடைந்தால் நீர் கசியும், அவ்வளவுதான். காற்றை ஏற்றிச் சோதித்து உடைந்தால் துண்டுகள் சிதறும்.

ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் கருங்கல்லாகியிருக்கும், மாற்றியே ஆகவேண்டும். கார் ஏ.சி. கடையில் பச்சை நிற ஓ-ரிங் என்று கேளுங்கள். வைட்டான் என்ற வேறு வகை ரப்பர் ரிங் 134ஏ-யில் ஊறி உப்பிவிடும், அதனால் வேண்டாம். போடுமுன் ஏ.சி. கம்ப்ரசர் எண்ணெய் ஒரு துளி தடவினால் போதும்.

நிரப்பும்போது எடை பார்ப்பது முக்கியம். டப்பாவில் எண்பது சதவீதத்துக்கு மேல் திரவம் போகக் கூடாது. 50 மில்லி டப்பாவென்றால் 40 மில்லி, அதாவது சுமார் 48 கிராம். முழுக்க நிரம்பிய டப்பா சூடேறினால் விரியத் திரவத்துக்கு இடமில்லை, அழுத்தம் எகிறிவிடும். டப்பாவை ஐஸ் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்துவிட்டு, 134ஏ டின்னைத் தலைகீழாகப் பிடித்தால் திரவம் தானே இறங்கும். உடனே பறக்கவிட அவசரப்படாதீர்கள். குளிர்ந்த டப்பாவில் அழுத்தம் 2 பார்கூட வராது. ராக்கெட் தவளைபோல ஒரு துள்ளு துள்ளி விழும். டப்பாவின் வேர்வை வற்றி, கைக்கு வெளிக்காற்றின் சூடே தெரியும்வரை நிழலில் வையுங்கள். நாசில் வாயில் ஒட்டிய ஈரம் பனியாக உறைந்து அடைக்கும், துடைத்துவிடுங்கள். தோல் கையுறை, கண்ணாடி கட்டாயம். அடைத்த அறையிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ நிரப்பாதீர்கள்: இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தீயில் பட்டால் நச்சாகும்.

கேஸ் சிலிண்டர், சோடா சார்ஜர் இதெல்லாம் நிரப்பினால்?
– வாசகர், மார்த்தாண்டம்

வேண்டாம். சமையல் கேஸ் பற்றும். சார்ஜரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு 30 டிகிரியில் 72 பார். இந்த டப்பா கிழிந்துவிடும்.

எங்கள் பக்கம் காற்று அதிகம். எப்போது, எங்கே பறக்கவிடுவது?
– வாசகர், ஆரல்வாய்மொழி

முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற சீசனில் ஆசைப்படாதீர்கள். கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில், கடல்காற்று கிளம்புமுன் விடியற்காலையில் செய்யுங்கள். காற்று மணிக்கு 30 கி.மீ. தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் மேலும் தள்ளிப் போங்கள், மட்டையில் மாட்டிய பாராசூட்டை எடுக்கக் கூலி கொடுக்க வேண்டிவரும். நாசிலைத் திறக்கக் கயிறு இழுப்பவர் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கட்டும்.

இதில் பலர் தவறுவது சமநிலையில். திரவம் வால்பக்கம் இருப்பதால் எடை பின்னால் போகும், வெற்று ராக்கெட்டில் சரிபார்த்துப் பயனில்லை. டப்பாவில் 48 மில்லி தண்ணீர் ஊற்றி, எடைமையத்தில் நூல் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் நின்றால் சரி. தடுமாறினால் மூக்கில் களிமண் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாராசூட்டை மடித்தே வைத்திருந்தால் நம்மூர் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பறக்கும் அன்று காலையில்தான் டால்கம் பவுடர் தூவி மடியுங்கள்.