ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் வருஷம் 28,000 ரூபாய் ஃபீஸ் கட்டுகிறேன். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு என் ஃபீஸைவிட ரொம்ப அதிகம் வருகிறது. அந்தப் பணத்தைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

கு., வியாசர்பாடி

அன்புள்ள கு.,

வகுக்கிற எண்ணில் ஒரு சிக்கல். அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளமும் அந்த 46,767 கோடியில்தான் இருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் அப்படிப்பட்ட பழைய பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து வகுக்க வேண்டும். சரி, சேர்த்தாலும் 28,000-ஐத் தாண்டத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் ஃபீஸ் எப்படி 28,000-ல் நிற்கிறது? என் தங்கை பி.எட். முடித்துவிட்டு இந்தப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். கையெழுத்துப் போட்ட சம்பளம் ஒன்று. கைக்கு வந்தது 9,000. மே மாதம் அதுவும் கிடையாது. எந்தப் பள்ளியிலும் பெரிய செலவு சம்பளம்தான். அதில் கை வைத்தால் ஃபீஸ் தானாகக் குறையும். உங்கள் மகளின் ஃபீஸில் ஒரு பங்கை என் தங்கை மாதிரியானவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் வேன், நோட்டு, ஷூ, சாயங்கால டியூஷன். அதையெல்லாம் கூட்டினீர்களா? உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பள்ளியில் போடுகிற காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் சமூக நலத் துறைக் கணக்கு, நீங்கள் சொன்ன தொகைக்கு வெளியே. விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு ஓடுகிற அம்மாவுக்கு, பிள்ளை பள்ளியில் உப்புமா சாப்பிட்டிருக்கும் என்பது எந்தத் துறைக் கணக்கானால் என்ன!

இந்தக் கணக்குச் சண்டை பழையது. பிட்டி தியாகராயர் (பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு அவர் பெயர்தான்) மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சாப்பாடு போடத் தீர்மானித்தார்கள். தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் அரசு மறுக்க, 1925-ல் நின்றுபோனது.

கையில் கொடுக்கும் யோசனை பாதி நடைமுறையில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு. அரசின் தலைச்செலவு, பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குத் தருகிறது. 2025-ல் ஒன்றிய அரசின் நிதி வராமல் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தது. அதுவரை பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 400 பேர் படித்த பள்ளியில் 60 பேர் மிஞ்சினால் தலைச்செலவு எகிறும், அதே சமயம் கழிப்பறையில் தண்ணீர் வராது. இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது பாருங்கள், அதற்குள் கல்வி வரியும் இருக்கும். அந்தக் காசில் உங்கள் வார்டுப் பள்ளிக் கழிப்பறைக்கு எவ்வளவு போனது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.