பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி: செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் (கேள்வி பதில்)

பத்து வருடம் தாண்டிய ஜெர்மன் கார்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். செக் இன்ஜின் விளக்கு பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: எரர் கோட் என்பது கார் சொல்லும் புகார். எந்தப் பாகம் குற்றவாளி என்று அது சொல்வதில்லை. அதைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் இந்தக் கார்களில் கொட்டப்படும் பணத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: பிஎம்டபிள்யூ 320ஐ, 2010 மாடல், பெட்ரோல். ஓ.எம்.ஆரில் போகும்போது இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது, வண்டியும் உதறியது. கொஞ்ச நேரத்தில் விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்துவிட்டது. இப்படியே ஓட்டலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டு என்று பொருள். விட்டு விட்டு எரிந்தால் இப்போதே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடு என்று பொருள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகிவிடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். மறுபடி உதறினால் ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஸ்கேன் செய்தால் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று வரும். கடைசி இலக்கம்தான் சிலிண்டர் எண். 0301 என்று வைத்துக்கொள்வோம். முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதில் இருந்ததை முதலில் போடுங்கள். கோட் அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 0303 வந்தால் காயில்தான் பழுது. 0301 அசையாமல் நின்றால் அடுத்து பிளக்கை அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். இதுவரை ஒரு பாகமும் வாங்கவில்லை, கவனியுங்கள்.

காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் என்46 இன்ஜினில் வால்வ் கவர் கேஸ்கெட் இறுகிப்போய் ஆயில் கசிந்து அந்தக் குழியில் தேங்கும். அந்தக் கசிவை நிறுத்தாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: அண்ணை, நான் கொழும்பு வெள்ளவத்தை. 2005 பென்ஸ் சி180 கொம்ப்ரசர் வைத்திருக்கிறேன். 2020இல இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டின காலத்தில இருந்து இதைத்தான் பொத்திப் பொத்தி ஓடுறம். கேம்ஷாஃப்ட் சென்சர் கோட் வந்தது. கராஜில சென்சர் மாத்தினவை. ரெண்டு கிழமையில திரும்ப வந்திட்டுது.

சென்சார் மாற்றியும் திரும்ப வந்தது என்றால் நான் முதலில் பார்ப்பது ஆயிலைத்தான். உங்கள் எம்271 இன்ஜினில் முன்பக்கம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் நேரத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் மேக்னட்டுகள் இருக்கும். அவற்றின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பின்களில் ஆயில் ஈரம் இருந்தால் மேக்னட் உள்ளே கசிகிறது. அந்த ஆயில் பிளக்கோடு நிற்காது. வயரின் செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவே ஊர்ந்து இன்ஜின் கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். அதனால் கம்ப்யூட்டரின் பெரிய பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். அங்கேயும் ஈரம் என்றால் பிளக்குகளை நன்றாகக் கழுவி, கசியும் மேக்னட்டை மாற்றி, இடையில் ஆயிலைத் தடுக்கும் சிறிய கேபிளையும் போடச் சொல்லுங்கள். மேக்னட்டுக்கும் பழைய வயருக்கும் நடுவில் மாட்டுவது அது. விலை அதிகம் இல்லை, அது காப்பாற்றும் கம்ப்யூட்டரின் விலைதான் அதிகம்.

ஆயில் இல்லை, எல்லாம் காய்ந்து இருக்கிறது என்றால் விஷயம் கனமானது. இந்த இன்ஜினில் கிராங்க் தண்டையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுபோவதும் கேம் சக்கரப் பற்கள் தேய்வதும் தெரிந்த குறை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில வினாடி கரகரவென்று சத்தம் வருகிறதா? பி0016 மாதிரி கேமும் கிராங்கும் பொருந்தவில்லை என்று சொல்லும் கோட் உண்டா? இருந்தால் வால்வ் கவரைத் திறந்து பல்லைக் கண்ணால் பார்க்காமல் இன்னொரு சென்சார் வாங்காதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதுவரை வண்டியை நிறுத்தி வைப்பது நல்லது.

கேள்வி: ஆடி ஏ4 1.8 டிஎஃப்எஸ்ஐ, 2011. பி0171 வருகிறது. ஒரு மெக்கானிக் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்கிறார். இன்னொருவர் இ20 (இருபது சதவீத எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். யாரை நம்புவது சார்?

இரண்டு பேர் சொல்வதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம் சார்.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதே ஆக்சிஜன் சென்சார்தான். உள்ளதைச் சொல்கிற சென்சாரைத் தூக்கிப் போடுவதில் அர்த்தம் இல்லை. காற்று எங்கிருந்து கூடுதலாக வருகிறது, அல்லது பெட்ரோல் ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி.

இ20 விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதை எரிக்கக் காற்று குறைவாகப் போதும். வெறும் பெட்ரோலுக்குக் காற்றும் எரிபொருளும் 14.7க்கு 1 என்ற எடைக் கணக்கு. பத்து சதவீத எத்தனாலில் அது 14.1 ஆகும், இருபது சதவீதத்தில் 13.5 அளவுக்கு இறங்கும். அதாவது பழைய இ10இல் இருந்து இ20க்கு வந்தால் அதே காற்றுக்குச் சுமார் நான்கைந்து சதவீதம் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். இதைக் கம்ப்யூட்டர் தானே சரி செய்துகொள்ளும். அந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃபியூவல் ட்ரிம். ட்ரிம் இருபது, இருபத்தைந்து சதவீதத்தைத் தொடும்போதுதான் பொதுவாக விளக்கு எரியும். ஆரோக்கியமான இன்ஜின் நான்கைந்து சதவீதத்தைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே எங்கோ காற்றுக் கசிவு இருந்து ட்ரிம் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு அந்த நாலைந்து சதவீதம்தான் கடைசித் தள்ளு. உங்களுடையது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கசிவை அடைத்தால் இ20லேயே விளக்கு அணைந்துவிடும்.

கண்டுபிடிப்பது இப்படி. இன்ஜினைச் சூடாக்கி, ஸ்கேனரில் லாங் டேர்ம் ட்ரிம் பாருங்கள். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது சாதாரணமாக இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப், ஃபில்டர், அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் குறைத்துச் சொல்கிறது.

கசிவு என்றால் உங்கள் இன்ஜினில் முதல் சந்தேகம் பிசிவி வால்வ், அதாவது இன்ஜினின் அடியில் சேரும் ஆவியைத் திரும்ப உள்ளே இழுக்க விடும் வால்வ். அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிடும். ஐடிலில் விசில் மாதிரி சத்தம் வரும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முயன்றால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், திறந்ததும் இன்ஜின் தடுமாறும். பிசிவி நன்றாக இருந்தால் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் இடத்துக்குப் போங்கள். புகையை உள்ளே செலுத்தினால் கசியும் ஹோஸ் எது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எத்தனால் ரப்பர் ஹோஸ்களுக்கு என்ன செய்யும் என்பது தனிக் கவலை. உங்கள் வண்டி எவ்வளவு எத்தனால் ஏற்கும் என்று கையேட்டிலும் பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறமும் பாருங்கள். பழைய ரப்பர் குழாய்களைச் சர்வீஸுக்கு ஒரு முறை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்கிறார்களே?

சில கார்களில் அணையும். அணைந்தால் கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் அழிந்துவிடும். விளக்கு எரிந்த நொடியில் ஆர்பிஎம் என்ன, சூடு என்ன, லோடு என்ன என்று கார் எழுதிவைத்த குறிப்பு அது. எனக்கு அதைவிடப் பெரிய துப்பு கிடையாது. தயவுசெய்து அழிக்காமல் கொண்டு வாருங்கள்.

கேள்வி: பெட்ரோல் மூடியை இறுக்கினால் போதும் என்று வீடியோவில் பார்த்தேன்.

அது பெரும்பாலும் அமெரிக்கக் கார்களுக்குச் சரி. அங்கே டேங்கில் ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதிக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய விதியில் அந்தச் சோதனை கட்டாயம் இல்லை. நம் ஊர் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. மூடியை இறுக்கிப் பாருங்கள், தப்பில்லை. அதை நம்பி வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: 2012 பிஎம்டபிள்யூ 520டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. வாங்கலாமா அண்ணா?

விளக்கு எரியாததை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை வேலை செய்யாமல் ஆக்கியிருக்கிறார்கள். நேராகத் திரும்பி வந்துவிடுங்கள்.

எரிந்து அணைந்தால் ஸ்கேனரை மாட்டி மூன்று விஷயம் பாருங்கள்: கோட் அழித்த பிறகு ஓடிய கிலோமீட்டர், அழித்த பிறகு இன்ஜின் எத்தனை தடவை சூடாகியது, ரெடினஸ் மானிட்டர்கள் (கார் தன் பாகங்களைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா. விற்பவர் நேற்று கோட் அழித்திருந்தால் மானிட்டர்கள் முடியாமல் நிற்கும், கிலோமீட்டர் இருபதோ முப்பதோ காட்டும். இதைப் பார்க்கச் சாதாரண ப்ளூடூத் கருவியே போதும்.

இந்த வண்டியின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். செயின் தேய்வது எப்போதும் விளக்காக வராது, சத்தமாகத்தான் வரும். அதனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய், பானட்டைத் திறந்து, பின்பக்கம் காது வையுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பிளக்குகளில் பச்சைக் களிம்பு இருந்தால், அந்த வண்டியில் விதவிதமான கோட்கள் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: கோவையில் இருந்து எழுதுகிறேன். இ250 சிடிஐ டீசல். பி2463 வந்து பிக்கப் குறைந்துவிட்டது. டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துவிட்டது, உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு சாஃப்ட்வேர் மாற்றிவிடலாம் என்கிறார்கள். பெண் ஓட்டும் வண்டிதானே என்று ஏதாவது சொல்லி ஏமாற்றுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஏமாற்றுகிறார்களோ இல்லையோ, அந்த வழி வேண்டாம் அம்மா. அது சட்டப்படி தவறு. கரிப்புகை மொத்தமும் பின்னால் வரும் பிள்ளைகளின் மூச்சுக்குப் போகும். அடைத்ததற்கான காரணமும் அப்படியே இருக்கும்.

பி2463 என்றால் கரி அதிகம் சேர்ந்துவிட்டது. கரியை அறுநூறு டிகிரி அளவுச் சூட்டில் எரித்துத் தானே சுத்தம் செய்துகொள்வதுதான் டிபிஎஃப்பின் வேலை. அது ஏன் நடக்கவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வீட்டில் இருந்து பள்ளி, பள்ளியில் இருந்து கடை என்று குட்டிக் குட்டிப் பயணம். இரண்டு, தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. அந்தச் சூடு வராமல் சுத்தம் செய்யும் வேலை தொடங்காது. நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அரை மணி நேரம் ஓட்டியும் கூலன்ட் சூடு எண்பது டிகிரியைத் தாண்டவில்லை என்றால் முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றுங்கள். பிறகு ஸ்கேனர் மூலம் ரீஜெனரேஷன், அதாவது கரியை எரித்துச் சுத்தம் செய்யும் அந்த வேலையைச் செய்யச் சொல்லலாம். ஆயில் அளவையும் பாருங்கள். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்களால் டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறியிருந்தால் ஆயிலையும் மாற்ற வேண்டும்.

மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: பி0420. கன்வெர்ட்டர் மாற்ற வேண்டுமாம். வேறு வழி இல்லையா?

இருக்கலாம். கன்வெர்ட்டர் புகையைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்பதுதான் பி0420 சொல்லும் புகார். முதலில் எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் லைவ் டேட்டாவில் பின்பக்க ஆக்சிஜன் சென்சார். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அந்த வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கன்வெர்ட்டர் உண்மையிலேயே களைத்துவிட்டது. அப்போதும் அதைக் கொன்றது எது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஆயில் குடிக்கும் இன்ஜினில் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

கேள்வி: ப்ளூடூத் ஸ்கேனர் போதுமா, பெரியது வாங்க வேண்டுமா?

பி0 என்று தொடங்கும் பொதுக் கோட்களுக்கும் லைவ் டேட்டாவுக்கும் போதும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் என்று போனால் அந்தந்த நிறுவனத்துக்கான மென்பொருள் வேண்டும்: ஆடிக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, பென்ஸுக்கு ஸென்ட்ரி. இவை வைத்திருக்கும் தனி வொர்க்‌ஷாப் ஒன்றைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் பதினைந்து கோட் வந்திருக்கிறது. இன்ஜின், ஏபிஎஸ், ஸ்டியரிங் எல்லாமே. 5 சீரிஸ். வண்டி முடிந்ததா?

பேட்டரியைப் பாருங்கள். எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. வோல்டேஜ் விழும்போது எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றாகப் புகார் சொல்லும். ராத்திரி நின்ற பிறகு காலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது பதினான்கை ஒட்டி. பேட்டரி மாற்றினால் அதைக் காரில் பதிவு செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் ஏற்றும். பிறகு கோட் எல்லாம் அழித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். திரும்ப வருவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதை எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.