ஸ்லொட் கார் தூர வளைவில் ஏன் சோர்ந்துபோகிறது?

லண்டன் மாமா கொண்டுவந்த ஸ்கேலெக்ஸ்ட்ரிக் செட்டின் கார் (பாதையில் வெட்டிய ஒடுங்கிய பள்ளம் வழியே கரண்டில் ஓடும் விளையாட்டுக் கார்), கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் ஓடும்போது தூர வளைவில் தயங்கி நிற்கிறது, மோட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் மோட்டர் இல்லை தம்பி, புழுதிதான். இந்தக் காருக்குள் பற்றரி கிடையாது. பள்ளத்தின் இரு பக்கமும் ஓடும் உலோகத் தண்டவாளங்களைக் காரின் அடியில் உள்ள இரண்டு சின்ன உலோகப் பின்னல்கள் உரசிக் கரண்ட் எடுக்கின்றன. 1957இல் இந்தச் செட் வந்த காலத்திலிருந்தே கரண்ட் தண்டவாளத்தில்தான். நம் செம்மண் புழுதி மாவாகப் படிந்தால் அந்தத் தொடுகை போய்விடும். காரைக் கவிழ்த்துப் பாருங்கள்: பின்னல் நுனி கறுத்து, தலைமுடி சுற்றியிருக்கும். முடியை எடுத்து, பின்னலை விசிறிபோல் லேசாக விரித்துவிடுங்கள். தண்டவாளத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம், துரு பிடிக்கும்.

அப்புறமும் தூரத்தில் மட்டும் சோர்ந்தால், பாதைத் துண்டுகளின் பொருத்துகள்தான் காரணம். ஒவ்வொரு பொருத்திலும் கொஞ்சம் வோல்ற்றேஜ் குறையும். எல்லாவற்றையும் கழற்றி இறுக்கிப் பூட்டுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் கொண்டுபோனால் காரின் அடியில் உள்ள காந்தத்தையும் பாருங்கள், கறுப்பு மணல் ஒட்டும்.