பொன்னாடை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் பொங்கலுக்கு ஒரு விழா வைக்கிறோம். வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் காசு போட்டிருக்கிறோம். முப்பது, நாற்பது வருடமாக ஊருக்கு உழைத்த ஐந்து பேரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுப்பதாகத் திட்டம். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி, ரிட்டயர் ஆன கிராம நர்ஸ், தபால்காரர், 82-இல் சத்துணவு வந்தபோது சேர்ந்த சமையல் அம்மா, தெரு கூட்டும் அக்கா. அதற்குள் மூன்று சண்டை. ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிது என்று ஒன்று. நீர்பாய்ச்சியை மேடையில் சரிசமமாக உட்கார வைப்பதா என்று சிலர் முகம் சுளித்தது இன்னொன்று. கடைசியாக நர்ஸம்மா, “நான் சம்பளத்துக்குத்தானே தம்பி வேலை பார்த்தேன், எனக்கு எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதுதான் சரியோ என்று தோன்றுகிறது. இப்படி ஒரு விழாவால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

(பெயர் வேண்டாம்), சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

விழாவை நடத்துங்கள். ஷீல்டை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

பல வருடத்துக்கு முன் எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று நடத்தினோம். மைக் என் கையில் இருந்தது. எங்கள் நீர்பாய்ச்சியை மேடைக்குக் கூப்பிட்டு, “ஊருக்காக உழைத்த உத்தமர்” என்று ஒரு வரி சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது. அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். போர்த்திய பொன்னாடையை ஐந்து நிமிஷத்தில் மடித்து என்னிடமே நீட்டினார். அடுத்த ஆளுக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்துவிட்டார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்போது கீழே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து, “உத்தமருன்னா என்னாப்பா? 77 புயல்ல என்னா செஞ்சாருன்னு சொல்லு” என்றார். எனக்குத் தெரியாது. கிழவியே சொன்னார். அந்த நவம்பர் மழையில்தான் வேடசந்தூர்ப் பக்கம் குடகனாறு அணை உடைந்தது. எங்கள் கண்மாயும் அன்று ராத்திரி ததும்பி நின்றிருக்கிறது. நீர்பாய்ச்சி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கின் பலகையைப் பிடுங்கிவிட்டு, கரை கசிந்த இடத்தில் வைக்கோலும் முள்ளும் மண்மூட்டையுமாக அடைத்துக்கொண்டு விடியும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். கூட ஒரே ஒரு ஆள், கையில் அரிக்கேன். கிழவி பேசி முடித்ததும் ஒருத்தரும் கைதட்டவில்லை. நீர்பாய்ச்சி மட்டும், “அரிக்கேன் இல்ல, டார்ச்சு லைட்டு” என்று திருத்தினார். அன்று நடந்த ஒரே மரியாதை அதுதான். அதையும் நாங்கள் செய்யவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் இவ்வளவுதான். ஒருவர் என்ன செய்தார் என்பதை ஊர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆகோள், அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்த பூசல். அதில் இறந்த தீயன் அந்தவனின் கல். ஆள், ஊர், நடந்த காரியம் மூன்றும் வந்துவிட்டன. ‘மாவீரர்’, ‘தியாகச் செம்மல்’ ஒன்றும் கிடையாது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நாய்க்குக்கூட விவரம் எழுதிய ஊர்க்காரர்கள் நாம். இன்றைக்கு ஃப்ளெக்ஸில் ‘சமூக சேவகர்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

மேடை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் ஊர்களில் முதல் மரியாதையும் பரிவட்டமும் வேலையைப் பார்த்து வந்தவையா என்ன, பிறப்பைப் பார்த்து வந்தவை. நீர்பாய்ச்சி வேலைக்குப் பல ஊர்களில் நிலமில்லாத தலித் குடும்பத்தைத்தான் வைத்தார்கள். சொந்த வயல் இருந்தால் அதற்கு முதலில் மடை திறந்துகொள்வான், இல்லாதவன்தான் எல்லோருக்கும் நியாயமாகப் பாய்ச்சுவான் என்று கணக்கு. தண்ணீரை நம்பி ஒப்படைக்கலாம், நாற்காலி மட்டும் கூடாதோ? முகம் சுளித்தவர்களிடம் இதைக் கேளுங்கள். அவர்கள் வராவிட்டால் போகட்டும். அப்படியே களத்தில் நீர்பாய்ச்சிக்குக் கூலியாக அளக்க வேண்டிய நெல் பாக்கி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பாக்கி என்றதும் சின்னப்பிள்ளை அம்மா நினைவுக்கு வருகிறார். மதுரைப் பக்கம் வயலில் கூலி வேலை பார்த்து, களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களைக் கட்டி வளர்த்தவர். டெல்லி விருது விழாவில் பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. 2024-இல் செய்தியில் வந்தது என்ன தெரியுமா? அவருக்கு வருவதாக இருந்த வீடு இன்னும் வரவில்லை என்பது. செய்தி வந்த பிறகுதான் மாநில அரசு வீடு தருவதாக அறிவித்தது.

நர்ஸம்மாவை வற்புறுத்த வேண்டாம். சம்பளம் வாங்கினார் என்பது உண்மைதான். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வர வேண்டும் என்று எந்தச் சம்பளப் பட்டியலில் இருந்தது? அவர் கையில் பிறந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் கமிட்டியிலேயே நாலு பேர் இருப்பீர்கள். பொன்னாடை இல்லாமல், அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தெரு கூட்டும் அக்காவைப் பற்றி ஒன்று. விழா முடிந்ததும் மைதானம் முழுக்கச் சாப்பாட்டு இலையும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். ராத்திரி மாலை வாங்கியவர் காலையில் ஆறு மணிக்கு விளக்குமாற்றோடு அங்கேதான் வந்து நிற்பார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் நீங்கள் பத்துப் பேர் சேர்ந்து பெருக்கிவிடுங்கள், ஒரு மணி நேர வேலை. விளக்குமாறு அவரிடம் கேட்காதீர்கள், கடையில் வாங்குங்கள். ஷீல்டுக்கு வைத்த காசு இருக்குமே.